நாலாவது சென்சார்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குத் தங்கை போன் செய்தபோது, டெஸ்டர் ஒரு காரின் ஹாரன் ஒயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. வங்கிப் புத்தகத்தைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை கிடையாது. வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கிறவன். காதிடுக்கில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். இஸ்திரி போட்ட சட்டையோடு கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது அங்கேயேதான் இருக்கும். அதனால் பட்டறைத் தெரு முழுக்க அவன் டெஸ்டர்.

"அண்ணா, உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்" என்றாள் தங்கை. "மூணு எடம் முடிச்சிட்டோம். எப்பவும் இந்நேரத்துக்கு ஒண்ணுதான் முடிஞ்சிருக்கும்."

"வீணா கத்தலையே?"

"மூச்! வேணுங்கிறப்ப மட்டும் கத்துது. இத்தன நாளா நான் பின்னாடி நின்னுக்கிட்டு வா வா வான்னு தொண்ட கிழிய கத்துவேன்ல, இனிமே அந்த வேலையே இல்ல. அவரு பாட்டுக்கு வண்டியப் பின்னால எடுக்குறாரு. நான் பாட்டுக்குப் பின்னாடி குந்திக்கிட்டு காலி கேனையெல்லாம் கயித்துல கோத்துடுறேன். பீப்பு வேகமா வந்தா எந்திரிச்சு நகர்ந்துக்குவேன். காது இருந்தாப் போதும், கண்ணு எதுக்கு?"

டெஸ்டரின் வாயிலிருந்த ஒயர் கீழே விழுந்தது.

"எந்தப் பக்கம் குந்துற?"

"எந்தப் பக்கம்னா? இடது பக்கம்தான், சுவரோரமா. எல்லா எடத்துலயும் காலி கேன அங்கதானே அடுக்குறாங்க. சரி வெக்கிறேன், அவரு ஏறிட்டாரு."

"ஏய், இரு, இரு" என்று அவன் சொன்னது ஒரு செத்த போனுக்கு. திரும்ப அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்கு அழைத்தான். அதுவும் அப்படியே. எடுக்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். மாப்பிள்ளை வண்டியில் ஏறினால் இரண்டு போனையும் முன்பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். ஓட்டும்போது போன் பேசுகிறவனை மனுஷக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார். அவ்வளவு ஜாக்கிரதையான ஆள்.

டெஸ்டர் பைக் சாவியைத் தேடினான். பீப் ஒழுங்காக அடிக்கிற வேனைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அந்த வேனின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தங்கையும் அவள் புருஷனும் தண்ணீர் கேன் போடுகிறவர்கள். இருபது லிட்டர் கேன், ஒரு நடைக்கு எண்பது, புருஷன் ஓட்டுவார், அவள் இறக்குவாள். பெரிய சரக்கு வேன். பின்பக்கம் கண்ணாடி கிடையாது, ஒரே தகரம். அதனால் பின்பம்பரில் பொத்தான் அளவில் நாலு சென்சார் வைத்திருந்தது. ரிவர்ஸ் கியர் போட்டதும் அவை நம் காதுக்குக் கேட்காத ஓர் ஒலியை அனுப்பும். அது எதன் மேலாவது பட்டுத் திரும்பினால் பின்கதவுக்கு உள்ளே இருக்கும் பெட்டி பீப் அடிக்கும். தூரம் குறையக் குறைய பீப் நெருக்கும். தொடுகிற தூரம் வந்துவிட்டால் ஒரே இழுப்பாக அலறும். எந்தச் சென்சார் கத்துகிறது என்று பெட்டியில் ஒரு சின்ன விளக்கு காட்டும்.

இரண்டு மாதமாக அது சும்மாவே அலற ஆரம்பித்தது. பின்னால் ஈ காக்கை இருக்காது, ஆனால் ஊரைக் கூட்டும். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய்ப் பார்ப்பார், ஒன்றுமில்லை என்று திரும்பி வருவார், மறுபடி கியர் போடுவார், மறுபடி அலறும். முதல் தடவை மச்சானிடம் கொண்டுவந்தபோது டெஸ்டர் நாலையும் ஈரத்துணியால் துடைத்து, சேறுதான் காரணம் என்று சொல்லி அனுப்பினான். மறுநாள் காலையில் மறுபடி அலறியது.

"எப்பக் கத்துது மாப்ள?"

"காலையிலதான் மச்சான். பத்து, பதினொரு மணிக்கு மேல சாதுவாயிடுது."

அப்படியானால் பனிதான் என்று டெஸ்டர் முடிவு கட்டினான். இணைப்புகளைக் கழற்றிக் காயவைத்து, ஈரம் ஏறாதபடி கிரீஸ் அடைத்துக் கொடுத்தான். பலிக்கவில்லை. மூன்றாவது தடவை, ஒன்றாவது சென்சாரை நாலாவது இடத்திலும் நாலாவதை ஒன்றாவது இடத்திலும் மாற்றி மாட்டிப் பார்த்தான். சென்சார் கெட்டிருந்தால் சத்தமும் அதோடு இடம் மாறிப் போகும். மறுநாள் காலை பார்த்தால் மாறவில்லை. எதை மாட்டினாலும் இடது மூலையில் இருக்கும் நாலாவது இடம்தான் அலறியது. சரி, ஒயர்தான் என்று அடுத்த தடவை புது ஒயர் இழுத்தான். பட்டறையில் பூனை மாதிரி இருந்த வேன், மறுநாள் காலை கேன் ஏற்றியதும் பழையபடி ஆரம்பித்தது.

மாப்பிள்ளை நல்லவர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். பட்டறைத் தெருவில் நசுங்கிய தகரத்தை நிமிர்த்துகிற டிங்கரையும் பெயின்டரையும் வைத்துக்கொண்டு, "எங்க மச்சான் கெட்டிக்காரரு. நம்ம வீட்டு ஃபேன ரிப்பேர் பண்ணாருன்னா பக்கத்து வீட்டு லைட்டு எரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்டரும் சிரித்தான். சிரித்துவிட்டு அன்று இரவு சாப்பாடு இறங்காமல் தட்டை நகர்த்தி வைத்தான். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற தொழிலில் ஒருவன் சிரித்துவிட்டுப் போனால் வலிக்கத்தான் செய்யும்.

வெள்ளிக்கிழமை காலை சிக்னலில் நிற்கும்போதுதான் விடை தானாக வந்து முன்னால் நின்றது. தங்கையின் வேன் முழுப்பாரத்தோடு அவனைத் தாண்டிப் போனது. அதன் பின்பக்கம் தரையைத் தேய்ப்பதுபோல இறங்கிக் கிடந்தது. பட்டறைக்கு எப்போதும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும், அப்போது காலியாக, நிமிர்ந்து நிற்கும். பனியும் இல்லை, ஒயரும் இல்லை. பாரம்தான் காரணம் என்று அவன் மண்டையில் அடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் வேனை வரவழைத்து, பட்டறையில் கிடந்த பழைய லாரி பேட்டரி பதினைந்தை உள்ளே ஏற்றினான். போதாது என்று டிங்கர், பெயின்டர், பஞ்சர் கடைக்காரர், அவர் மனைவி, தங்கை என்று கிடைத்தவர்களை எல்லாம் உள்ளே உட்காரவைத்தான். பஞ்சர் கடைக்காரர் மனைவி நல்ல கனம். அவர் ஏறியதும் வேன் ஒரு முனகலோடு தாழ்ந்தது. மாப்பிள்ளை ரிவர்ஸ் போட்டார். நாலாவது சென்சார் அலறியது. உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

டிங்கர் படுத்துப் பார்த்துச் சொன்னார். எப்போதோ எதிலோ இடித்ததில் இடது மூலையில் பம்பரைத் தாங்கும் இரும்பு உள்ளே வளைந்திருக்கிறது. அதனால் அந்த மூலைச் சென்சார் கொஞ்சம் குனிந்து பார்க்கிறது. வண்டி காலியாக இருந்தால் தெரியாது. பாரம் ஏறினால் அது தரையைப் பார்த்து ஏதோ குறுக்கே நிற்கிறது என்று கத்துகிறது. "இரும்ப நிமித்தணும், இல்லாட்டி ஒரு பக்கம் தடிச்ச ரப்பர் வளையம் வச்சு சென்சார நிமித்தணும்" என்றார். இரும்பை நிமிர்த்த அவருக்கு அன்று நேரமில்லை. வளையம் விற்கிற கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.

இதை அப்படியே மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். நோயைக் கண்டுபிடித்தாயிற்று, மருந்து திங்கட்கிழமை என்று சொன்னால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? ஆனால் மாப்பிள்ளை டீ வாங்கப் போகும்போது, "என்ன மச்சான், அஞ்சாவது வாட்டியும் அடுத்த வாட்டிதானா?" என்று சிரித்துக்கொண்டே போனார். டிங்கர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். தங்கை பஞ்சர் கடை அம்மாவோடு பேசப் போய்விட்டாள். டெஸ்டர் தனியாக இருந்தது கால்மணி நேரம்.

சென்சாரைப் பிடுங்கிப் போட்டால் பெட்டி கண்டுபிடித்துவிடும்; ஒன்று குறைகிறது என்று நீளமாகப் பீப் அடித்துக் காட்டிக்கொடுக்கும். அதனால் அவன் நாலாவதைத் துளையிலிருந்து கழற்றி, ஒயரைப் பிடுங்காமல், அதன் முகத்தில் தடிமனாக ஸ்பாஞ்சு சுற்றி, டேப் ஒட்டி, பம்பருக்கு உள்ளே செருகினான். அனுப்புகிற ஒலியை ஸ்பாஞ்சு குடித்துவிடும். எதுவும் திரும்பி வராது, அதனால் வழியில் எதுவும் இல்லை என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். காலியான துளையில் டப்பாவில் கிடந்த செத்த சென்சார் ஒன்றை அழுத்தி மாட்டினான். வெளியே இருந்து பார்த்தால் நாலு பொத்தானும் வரிசையாக இருந்தன.

மாப்பிள்ளை டீயோடு வந்து ரிவர்ஸ் போட்டார். பேட்டரி எல்லாம் உள்ளேயே இருந்தது, வண்டி தாழ்ந்தே இருந்தது, சத்தம் இல்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் நடுவில் வைத்தார். பீப், பீப் என்று அழகாக அடித்தது. அதை இடது மூலைக்கு நகர்த்தப் போனவரின் கையில் டெஸ்டர் டீயை எடுத்துத் திணித்துப் பேச்சை மாற்றினான்.

"அப்ப நம்பலாமா மச்சான்?"

"கண்ண மூடிக்கிட்டு நம்புங்க மாப்ள."

மாப்பிள்ளை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனிமேல் வாயைத் திறக்கமாட்டேன் என்று காதைப் பிடித்துக்கொண்டார். டெஸ்டருக்கு அந்த ஒரு நிமிஷம் தேனாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது. திங்கட்கிழமை சாயங்காலம் ஏதாவது சாக்குச் சொல்லி வரவழைத்து, வளையத்தை மாட்டிவிட்டால் கதை முடிந்தது. நடுவில் அரை நாள்தானே. அந்த அரை நாளும் தங்கை வழக்கம்போலப் பின்னால் நின்று பார்த்துக்கொள்ளத்தானே போகிறாள். ஆறு வருஷமாக அப்படித்தானே நிற்கிறாள். இப்படித்தான் அவன் கணக்குப் போட்டிருந்தான். சென்சார் சரியாகிவிட்டது என்று தெரிந்தால் அவள் எதற்காக அங்கே நிற்கப் போகிறாள் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இப்போது வந்தது. பைக்கை உதைக்கும்போது கால் வழுக்கியது. கிளம்பிய பிறகுதான் ஹெல்மெட் பட்டறையிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது.

போகிற வழி அவனுக்குத் தெரியும். மாப்பிள்ளை காய்ச்சலில் படுத்தபோது மூன்று நாள் அவன்தான் ஓட்டினான். நாலாவது தையல் கம்பெனி, ஐந்தாவது பல் டாக்டர், ஆறாவது அச்சகம். தையல் கம்பெனி வாசலில் காவலாளி கையை விரித்தார். "இப்பத்தான் போனாங்க. என்ன இன்னைக்கு, வந்ததும் தெரியல போனதும் தெரியல?"

"அந்தப் பொண்ணு... நல்லா இருந்துச்சா?"

"அதுக்கென்ன, பாட்டுப் பாடிக்கிட்டே போச்சு."

உயிர் வந்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே போய்விட்டது. இங்கே ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த இடத்தில் இன்னும் வேகமாகத்தானே பின்னால் எடுப்பார் என்று தோன்றியது. வழியெல்லாம் போனை ஒரு கையால் அழுத்திக்கொண்டே ஓட்டினான். மாப்பிள்ளை பார்த்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பார். பார்க்கட்டும், அறையட்டும், எங்கேயாவது நிறுத்திப் போனை எடுக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னான்.

பல் டாக்டர் வீட்டின் பின்பக்கத்தில் வேன் இல்லை. சுவரோரமாக இடது பக்கத்தில் மூன்று காலி கேன் நசுங்கிக் கிடந்தது. ஒன்று நடுவில் மடிந்து, கழுத்து திருகிக் கிடந்தது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தால் அதைக் காட்டிச் சிரித்தாள்.

"வண்டி வந்து அமுக்கிருச்சு. அந்தப் பொண்ணு உள்ள கையெழுத்து வாங்கப் போயிருந்துச்சு. வந்து பாத்துட்டு ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க."

"சிரிச்சாங்களா? அது கத்தலையேன்னு கேக்கலையா?"

"கேட்டுச்சு. காலி கேனு லேசுதானே, காத்து மாதிரி, அதான் அதுக்குத் தெரியல, ஆளுன்னா கத்தும்னு அவரு சொன்னாரு."

டெஸ்டர் மடிந்த கேனைப் பார்த்தான். குந்தியிருக்கும் ஒருத்தியின் தோள் உயரத்தில்தான் அது மடிந்திருந்தது. அவன் கெடுத்து வைத்த வண்டிக்குக் கூட அவர்கள் சாக்குச் சொல்கிறார்கள். அவ்வளவு நம்பிக்கை. அவன் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்காக.

அச்சகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. வேன் போகிற பின்வாசலுக்குப் பெரிய சுற்று, ஒருவழிப் பாதை. அவன் பைக்கை முன்வாசலில் போட்டான். நிறுத்தினான் என்று சொல்ல முடியாது, போட்டான். உள்ளே அச்சு இயந்திரங்கள் ஓடிய சத்தத்தில் தன் செருப்புச் சத்தமே அவனுக்குக் கேட்கவில்லை. வாசல் மேஜையில் இருந்தவர் என்னவோ கேட்டார். காகித உருளைகளுக்கு நடுவே ஓடிப் பின்பக்கச் சரக்கு மேடைக்கு வந்தான்.

பின்முற்றம் தெருவிலிருந்து கட்டிடத்தை நோக்கிச் சரிவாக இறங்கும். அந்தச் சரிவில் வேன் பின்பக்கமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் பத்தடி. இடது மூலையில் சுவருக்கும், இரும்புப் பட்டை போட்டுக் கட்டிய காகிதக் கட்டுகளுக்கும் நடுவே, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கை குந்தியிருந்தாள். கேன்களின் கைப்பிடிகளில் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரி!" என்று அலறினான். குரல் வந்ததா என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே ஓடிய இயந்திரம் எல்லாவற்றையும் விழுங்கியது. பீப், பீப் என்று வேன் நிதானமாக அடித்தது. நடுச் சென்சார்கள் தூரத்தில் இருக்கும் மேடையைப் பார்த்து அடிக்கிற பீப் அது. இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று மாப்பிள்ளைக்கும் சொன்னது, அவளுக்கும் சொன்னது. அவள் தலையைத் தூக்கவில்லை.

அவளிடம் போகக் காகிதக் கட்டுகளைச் சுற்ற வேண்டும். நேரம் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் உயிரோடு இருக்கின்றன என்பது மட்டும் அவன் மூளையில் ஓடியது. மேடையிலிருந்து குதித்து, வேனின் நடுப்பகுதிக்கு நேராக ஓடி, பம்பரில் முழங்காலை வைத்து நின்றான். இரண்டு கையாலும் கதவை அறைந்தான்.

பீப் ஒரே இழுப்பாக அலறியது. வேன் அவனை ஒரு சாண் தள்ளிக்கொண்டு வந்து நின்றது.

நம்பினார் என்பதால்தான் மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். மறுபடி பொய்யாகக் கத்துகிறது என்று ஒரு கணம் நினைத்திருந்தால் அவ்வளவுதான். அதை யோசிக்க டெஸ்டருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இடது பக்கம் தலையை நீட்டிப் பார்த்தான்.

தங்கை சுவரோடு இருந்தாள். முழங்கால்கள் மார்பில் இடிக்க, நெற்றி சுவரில் பட, பம்பரின் மூலை தோளுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு கேன் அவள் கைக்குக் கீழே நசுங்கியிருந்தது. அச்சகத்துக்காரர் ஒருவர் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். அப்போதுதான் அவள் குரல் கேட்டது.

"எந்திரிக்க முடியல. மூச்சு விட முடியுது. ஆனா எந்திரிக்க முடியல."

"மச்சானா? நீங்க எங்க இங்க?" மாப்பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அவ எங்க?"

"பிரேக்குல இருந்து கால எடுக்காதீங்க மாப்ள. அவ பின்னாடி மாட்டிக்கிட்டா. கால எடுத்தா வண்டி உருளும்."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "கத்தினதும் மிதிச்சிட்டேனே. கத்தினதும் மிதிச்சிட்டேன் மச்சான். உடனே மிதிச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஹேண்ட் பிரேக்க இழுங்க."

"இழுத்துட்டேன். இந்தப் பாரத்துக்கு அது நிக்காது. உங்களுக்கே தெரியும்."

டெஸ்டரின் முகத்துக்கு நேரே பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அது ஒரு கணம் அணைந்து எரிந்தது. மாப்பிள்ளையின் கால் நடுங்குகிறது. வேன் ஒரு விரற்கடை பின்னால் வந்தது. சுவரோரத்திலிருந்து அவள் "அம்மா" என்றாள், மெதுவாக. டெஸ்டர் தோளைக் கொடுத்து வண்டியைத் தாங்கினான், ஏதோ அவனால் தாங்க முடியும் என்பதுபோல.

"அண்ணா" என்றாள். "எனக்குப் பீப்பு மெதுவாத்தானே வந்துச்சு. தூரமா இருக்குன்னு நெனச்சேன். ஏன் கத்தல?"

நடுங்கிய பிரேக் விளக்கைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான். இனி ஒளிக்க அவனிடம் தெம்பு இல்லை. "உன் பக்கம் இருக்கிறது செத்த சென்சாரும்மா. நல்லத நான் ஸ்பாஞ்சு சுத்தி உள்ள வச்சிட்டேன். சனிக்கிழமையே வச்சிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் சரி பண்ணிடலாம்னு இருந்தேன். சொல்லல."

பக்கக் கண்ணாடியில் மாப்பிள்ளையின் கண்கள் மட்டும் தெரிந்தன.

அச்சகத்தில் காகித உருளைகள் ஓடாமல் இருக்க முட்டுக்கொடுக்கும் மரக்கட்டைகள் இருந்தன. ஆப்பு மாதிரி, ஒரு பக்கம் சரிவாக. இயந்திரத்தை நிறுத்திய ஆள் டெஸ்டர் கேட்டதும் கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். டெஸ்டர் தரையில் படுத்து, பின்சக்கரம் இரண்டுக்கும் பின்னால் அவற்றைத் திணித்து, அங்கே கிடந்த இன்னொரு கட்டையால் அடித்து இறுக்கினான். அசைத்துப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. அவன் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக எந்த வேலையும் செய்ததில்லை.

எழுந்தான். சட்டை முழுக்க எண்ணெய். "மாப்ள, கட்டை வச்சாச்சு. இனி வண்டி ஒரு நூல்கூடப் பின்னால வராது. ஃபர்ஸ்ட் கியர் போட்டு மெல்ல முன்னால எடுங்க."

வேன் அசையவில்லை.

"மாப்ள, கேக்குதா? நான்தான் சொல்றேன்ல."

பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் அந்தக் கண்கள் அவனையே பார்த்தன. கோபம் இருந்திருந்தால் டெஸ்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பயம்தான் இருந்தது.

"இருங்க, எடுக்காதீங்க" என்று சுவரோரத்திலிருந்து தங்கை புருஷனிடம் சொன்னாள். குரல் சுவரில் பட்டு அடங்கி வந்தது. "அண்ணா, நீ கொஞ்சம் தள்ளிக்க. அங்க இன்னொருத்தர் இருக்காருல்ல, ஐயா, நீங்க வந்து அந்தக் கட்டையப் பாருங்க. பாத்துட்டு நீங்களே அவருகிட்ட சொல்லுங்க."

அச்சகத்துக்காரர் திகைத்தார். "நானா? நான் மெஷின் ஓட்டுறவன்மா. வண்டியப் பத்தி எனக்கு என்ன தெரியும்? இவருதானே மெக்கானிக்கு?"

"தெரியலன்னாலும் பரவால்ல. நீங்க சொல்லுங்க."

அவர் டெஸ்டரை ஒருமுறை பார்த்தார், பிறகு குனிந்தார். ஒரு கட்டையைக் காலால் உதைத்துப் பார்த்தார், கையால் ஆட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் சுற்றிப் போய் இன்னொன்றையும் அப்படியே பார்த்தார். அவசரப்படவில்லை. அப்புறம் ஜன்னலருகே போய், "சரியாத்தான் இருக்கு தம்பி. எடுங்க" என்றார்.

உடனே இன்ஜின் உறுமியது. வேன் ஓரடி முன்னால் போய் நின்றது. அச்சகத்துக்காரர் கட்டைகளை மறுபடி சக்கரத்தோடு தள்ளி வைத்துவிட்டுக் கையைக் காட்டினார். மாப்பிள்ளை இறங்கி ஓடிவந்து, அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அவளால் கையைத் தூக்க முடிந்தது. தோளில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவள் தள்ளிக்கச் சொன்னதும் ஒதுங்கிய இடத்திலேயே டெஸ்டர் நின்றுகொண்டிருந்தான்.